ஒரு கிலோ குடு

வின்ட்ஹுக், நமீபியா
ஆடி முதல் ஞாயிறு

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

நான் இங்கே என்னத்தைத் தின்கிறேனோ என்று நீ கவலைப்படுவதாகத் தம்பி சொன்னான். போன வாரம் மான் தின்றேன். (டேய், இந்த இடத்தைச் சத்தமாக வாசிக்காதே. 1972ஆம் வருஷத்துச் சட்டப்படி நம் ஊரில் மான்கறி என்றால் கம்பி எண்ண வேண்டும். இங்கே பண்ணைகளில் உரிமத்தோடு வேட்டையாடுகிறார்கள். இப்போது குளிர்காலம், அதற்கான பருவம்.)

சரியாகச் சொன்னால் இது இரலை. கொம்பு உதிராத ஜாதி. பெயர் குடு. கடைக்காரரிடம் ஒரு விரலை நீட்டி, "ஒரு கிலோ குடு" என்று பச்சைத் தமிழில் கேட்டேன். மறுபேச்சில்லாமல் நிறுத்துத் தந்தார்.

கறி கருஞ்சிவப்பு. மருந்துக்கும் கொழுப்பில்லை. உன் கைப்பக்குவப்படியே மல்லி, மிளகு வறுத்து அரைத்துக் குக்கரில் எட்டு விசில் விட்டேன். திறந்தால் தேங்காய் நார்! பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றுவிட்டு, "முதுகுச் சதையையா குழம்பு வைத்தாய்? அதற்குக் கழுத்தும் காலும் இருக்கிறதே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாள் அவரே செய்து காட்டினார். கனன்ற கங்கின்மேல் பக்கத்துக்கு இரண்டு நிமிஷம். உள்ளே சிவப்பாக இருக்கும்போதே இறக்கி, கொஞ்ச நேரம் ஆறவிட வேண்டும். கொழுப்பில்லாத கறி, வெந்தது போதாதென்று விட்டால் ஈரமெல்லாம் ஓடிவிடும். வெள்ளாட்டுக் கவிச்சி துளியும் இல்லை. ஈரலை நினைவூட்டும் லேசான இரும்பு வாசம், பிறகு மெல்லிய இனிப்பு. அரைவேக்காடு என்று நீ திட்டுவாய், திட்டு.

ஸ்பிரிங்பாக் என்ற இரலையின் கறி இன்னும் பூப்போல. ஓரிக்ஸ் என்ற இன்னொரு இரலையின் கதைதான் வேடிக்கை: இந்த நாட்டு அரசு முத்திரையில் இரண்டு பக்கமும் நிற்பது அது, மதியம் தட்டிலும் அதுவே. நாம் நம் முத்திரைச் சிங்கத்திடம் இப்படிப் போக முடியுமா?

கிளம்பும்போது பில்டாங் கொடுத்தார். கறியைக் கீற்றாக அரிந்து, வினிகரில் நனைத்து, உப்பு, மிளகு, வறுத்து இடித்த கொத்தமல்லி தடவிக் காற்றில் தொங்கவிடுவது. முகர்ந்ததுமே நம் மொட்டைமாடி. மஞ்சளும் மிளகாயும்தான் இல்லை. உன் உப்புக்கண்டத்தைப் பற்றிச் சொன்னேன்.

"வெளியிலா கட்டுவார்கள்? பறவைகளை யார் விரட்டுவது?" என்று கேட்டார்.

எட்டு வயதில் அதுதான் என் உத்தியோகம் என்றேன்.

உன் பேரன்