ரன்னிங்கில் ஒரு கும்பிடு

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்றால் இவரைத் தவறாமல் பார்க்கலாம். பைக் நாற்பதில் போய்க்கொண்டிருக்கும். தெருமுனைப் பிள்ளையார் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஒரு கை வேண்டும். இடது கையால் கும்பிடுவது மரியாதை இல்லை. வலது கையிலோ ஆக்ஸிலரேட்டர். மரியாதைதான் ஜெயிக்கும். வண்டி சட்டென்று சுணங்கும். பின்னால் வருபவர் பிரேக் பிடித்தபடி அவருடைய குலதெய்வத்தைக் கூப்பிடுவார். ஆக, ஒருவருடைய பக்தி இரண்டு பேருக்குப் பலன் தருகிறது.

கோயிலுக்கு எதிரே சிக்னல் சிவப்பாக விழுந்தால் விரிவான பிரார்த்தனை. பச்சை என்றால் சுருக்கம். கேட்டால், "சாமி கும்பிட எங்க சார் டைம் இருக்கு?" என்பார்.

வீட்டிலும் அவர் சும்மா இருப்பதில்லை. சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். இவர் போனில் அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் வைத்து, ஷேவிங்கில் ஆரம்பித்து, குளியலில் பாதி தாண்டி, இட்லியில் முடிக்கிறார். உடம்பின் உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக் காக்கும்படி வேண்டும் பாட்டு அது. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது எந்தெந்த உறுப்பு காதில் விழாமல் போனது என்பது முருகனுக்கே வெளிச்சம். நடுவில் பர்சனல் லோன் விளம்பரம் வரும். அது மட்டும் சாதாரண வேகத்தில் ஓடும். பூஜை அறையில் விளக்கேற்றுவது, வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பூ வைப்பது, மாங்காடு காமாட்சிக்கு எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் போய்வருவது எல்லாம் மனைவி. அவரும் வேலைக்குப் போகிறவர்தான். ஆனால் குடும்பத்தின் புண்ணியக் கணக்கு ஜாயின்ட் அக்கவுன்ட் என்பது நம்மவரின் நம்பிக்கை.

பிரதோஷத்தின் மீது மட்டும் அவருக்கு ஒரு வருத்தம் உண்டு. மாலை நாலரையிலிருந்து ஆறு மணிக்குள் என்று யார் வைத்தார்கள்? ஜெனரல் ஷிஃப்ட் முடிவதும், மேனேஜர் 'அஞ்சே நிமிஷம்' என்று மீட்டிங்குக்குக் கூப்பிடுவதும் அந்த நேரத்தில்தான். பக்கத்து மெஷினில் வேலை பார்க்கும் பாய், வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிப் போய், முடித்துவிட்டு வந்து மெஷினில் நின்றுவிடுகிறார். "உங்களுக்கு டைம் ஃபிக்ஸ்டு பாய், எங்களுக்கு அப்படி இல்லை" என்று பெருமூச்சு விடுவார் நம்மவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் பிரதோஷமும் ஃபிக்ஸ்டுதான் என்பதை பாய் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில் நந்தி என்றால் அவருக்குத் தனிப் பிரியம். பெரும்பாலான கோயில்களில் நந்தி சாமியைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். இங்கே சாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்க்கிறது. குறும்பர்களோடு போர் செய்த தொண்டைமானுக்கு உதவியாகப் போகச் சிவனே அனுப்பினார் என்பது தலபுராணம். குறும்பர் கோட்டையிலிருந்து கொண்டுவந்ததாகச் சொல்லும் வெள்ளெருக்குத் தூண்கள் இரண்டு இன்னும் சந்நிதியில் நிற்கின்றன. "பாத்தீங்களா, நந்தியே டியூட்டியிலதான் இருக்கார்" என்பார் நம்மவர், அவரும் வாசலைப் பார்த்துத் திரும்பியபடி.

மேற்குப் புறநகரின் மகான்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. ஆவடியைத் தாண்டிப் போனால் திருநின்றவூர். பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாததால் மனசுக்குள்ளேயே கோயில் கட்டினார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, நாளைக்குப் பூசலார் கோயிலில் குடமுழுக்கு, உன் தேதியை மாற்றிக்கொள் என்றாராம். இந்தப் பக்கம் பூந்தமல்லியில் திருக்கச்சி நம்பி. ராமானுஜருக்கே வழிகாட்டிய பெரியவர். தினமும் பூ எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் வரதராஜருக்குப் போனவர், முதுமையில் நடக்க முடியாமல் போனபோது, பெருமாளே பூந்தமல்லிக்கு வந்து காட்சி கொடுத்தார். இந்த இரண்டு கதையையும் சொல்லிவிட்டு, "மனசு சுத்தமா இருந்தா போதும், சாமி நம்ம வீடு தேடி வரும்" என்று முடிப்பார்.

கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தவர் பேச்சு இது. பெரியபுராணத்துப் பூசலார் மனசுக்குள் என்றாலும் எதையும் குறைக்கவில்லை. பொருள் சேர்த்தார், தச்சரைத் தேடினார், நல்ல நாள் பார்த்துக் கால்கோள் செய்தார், ராத்தூக்கம் இல்லாமல் நெடுநாள் கட்டினார். நம்பி நடந்ததோ ஐம்பது கிலோமீட்டர் தூரத்து ஊருக்கு. அதே வட்டாரத்துத் திருவேற்காட்டு மூர்க்க நாயனாரை நம்மவர் மேற்கோள் காட்டுவதே இல்லை. சூதாடிச் சம்பாதித்து அடியார்களுக்குச் சோறு போட்டு, கடைசிப் பந்தியில் தான் உட்கார்ந்தவர் அவர். திருவேற்காட்டில் நம்மவர் கருமாரியம்மனோடு திரும்பிவிடுவார்.

ஆனால் கார்த்திகை பிறந்தால் ஆளே வேறு. மாலை போட்டதிலிருந்து விடிகாலை நாலு மணிக்குப் பச்சைத் தண்ணீரில் குளியல், இரண்டு வேளை பூஜை, சரண கோஷம், ராத்திரி பஜனை. ஒரு மண்டலம், 41 நாள். கவசம்கூட சாதாரண வேகத்துக்கு இறங்கிவிடும். கம்பெனி அதே கம்பெனி, கடிகாரமும் அதே கடிகாரம். நேரம் எங்கிருந்து வந்தது? ஊர் கொடுத்தது. சூப்பர்வைசரே 'சாமி' என்று கூப்பிடும்போது அவருக்கு நைட் ஷிஃப்ட் போட நாக்கு எழுவதில்லை. மாமியார் வீட்டு விசேஷத்துக்கு வராவிட்டாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றியதும் சாமி மறுபடி பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளாகிவிடுவார். ஓவர்டைம் தேடி வந்துவிடும்.

அவருக்குப் பிடித்த விரதம் வேறு ஒன்று இருக்கிறது. பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்த நாளில் காலை மேலூர் திருவுடையம்மன், உச்சியில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலை திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது. இச்சை, ஞானம், கிரியை என மூன்று சக்தியும் ஒரே லீவில் முடிகிறது. அப்படி நாள் அமைவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் என்பதால் லீவு லெட்டரும் லேசாகிவிடும். போன முறை குடும்பத்தோடு போனார். மேலூரில் நடை திறக்கும்போதே நின்றார். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, உச்சிக்கால நடை சாத்துவதற்குள் ஒற்றியூரைப் பிடித்தார். முல்லைவாயிலில் கூட்டம் தெருவரை நின்றது. அதிலும் நுழைந்து தீபாராதனை பார்த்துவிட்டார். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது மனைவி கேட்டார்:

"மூணு அம்மன்கிட்டயும் என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"பார்க்கிங் கிடைக்கணும்னுதான். மூணு இடத்துலயும் கிடைச்சுதே!"