கர்ணம் ஏட்டில் பட்டினிக்கு இடமில்லை

சர் ரிச்சர்டு டெம்பிள் தன் உத்தியோக வாழ்க்கையில் ஒரே ஒரு பெரிய தப்புப் பண்ணினார். 1873-74இல் பீகார் பக்கம் பஞ்சம் வந்தபோது ஜனங்களைச் சாகவிடாமல் காப்பாற்றிவிட்டார்.

அப்போது அவர் வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசி வந்து இறங்கியது. பட்டினிச் சாவு ஏறக்குறைய இல்லாமலே பஞ்சம் கழிந்துபோனது. மாலை மரியாதையெல்லாம் நடந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? லண்டனில் பிடித்துக் கிழித்தார்கள். அவர்கள் வாதம் ரொம்பச் சுலபம். சாவே இல்லையே, அப்புறம் எங்கே பஞ்சம்? பஞ்சமே இல்லாத சீமைக்கு எதற்கு இத்தனை அரிசி? கொஞ்சம் அரிசி மிஞ்சிப்போனது வேறு குற்றப்பத்திரிகையில் சேர்ந்தது.

பஞ்சம் நிஜமா பொய்யா என்பதைப் பிணத்தை எண்ணித்தான் முடிவு செய்வார்கள் என்ற பாடத்தை மனுஷன் அன்றைக்கே மனப்பாடம் பண்ணிக்கொண்டார். அதற்கு ஃபீஸ் கட்டியவர்கள் நம்மவர்கள்.

1876, தாது வருஷம். மழை பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், வட ஆற்காடு, கடப்பா, கர்னூல், பெல்லாரி என்று மதராஸ் ராஜதானியில் பாதி காய்ந்து கிடந்தது. கவர்னர் பக்கிங்ஹாம் கோமகன் சத்தம்போடாமல் 30,000 டன் தானியத்தைச் சந்தையில் வாங்கிப் போட்டார். விஷயம் தெரிந்ததும் கல்கத்தாவில் பெருமக்கள் கொதித்துப்போனார்கள். பசிக்கிறவனுக்குச் சர்க்கார் அரிசி வாங்கினால் வியாபாரியின் மனசு புண்படாதா?

வைஸ்ராய் லிட்டன் பிரபுவுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவர் கவிஞர், புனைபெயரெல்லாம் உண்டு. அதைவிட முக்கியம், விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினி என்று அறிவிக்கிற தர்பார், 1877 ஜனவரி முதல் தேதி, டெல்லியில். ராஜாக்களும் அதிகாரிகளுமாக 68,000 பேருக்கு ஒரு வாரம் விருந்து. சாப்பிட்டவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இப்படி ஒரு கணக்கு கிடைக்கிறது. அதே வாரம் சாப்பிடாதவர்கள் எத்தனை பேர் என்பதற்குத்தான் யாரிடமும் ஏடு இல்லை.

தர்பார் வாசனை ஆறுவதற்குள் மதராஸுக்குச் சிக்கனம் சொல்லித்தர ஆள் அனுப்பினார்கள். யாரை? பீகாரில் கெட்ட பேர் வாங்கிய அதே டெம்பிளை. கெட்ட பேரைக் கழுவ இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? வந்தார், சுற்றிப் பார்த்தார், கூலியைக் குறைத்தார். கல் உடைக்கிற, மண் வெட்டுகிற ஆம்பிளைக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், மேலே கொஞ்சம் சில்லறை. ஒரு பவுண்டு என்றால் நம் கணக்கில் அரைக் கிலோவுக்கும் குறைவு. பொம்பளைக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு.

மதராஸில் கார்னிஷ் என்று ஒரு டாக்டர் இருந்தார். சுகாதாரக் கமிஷனர். அவர் விடவில்லை. ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும், ஜெயில் கைதிக்குக்கூட இதைவிட அதிகம் போடுகிறோமே என்று கடிதத்துக்கு மேல் கடிதம். டெம்பிளும் சளைக்காமல் பதில் எழுதினார். தான் நேரில் பார்த்தவரைக்கும் ஜனங்கள் தெம்பாகத்தான் இருக்கிறார்களாம். இரண்டு துரைமார் தாளில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, நடுவில் கல் உடைத்தவன் கால் பவுண்டுக்குக் காத்திருந்தான். நிஜமாகவே கால் பவுண்டுதான்: மார்ச்சில் மதராஸ் சர்க்கார் ஒன்றேகால் பவுண்டாக ஏற்றி, ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் சேர்த்துக் கொடுத்தது. பஞ்சாயத்தில் பாதிப்பாதி என்று தீர்ப்புச் சொல்வது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை போலிருக்கிறது. டெம்பிளுக்குப் பம்பாய் கவர்னர் பதவி கிடைத்தது, போய்ச் சேர்ந்தார்.

சரி, செத்தவர்கள் எத்தனை பேர்? இங்கேதான் நம் கர்ணம், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை, மேடைக்கு வருகிறார்.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் வெட்டியானோ தலையாரியோ வந்து சொல்வான். கர்ணம் ஏட்டில் ஏற்றுவார், மாசக் கடைசியில் அது தாலுகாவுக்குப் போகும். ஏட்டில் பத்திகள் அச்சடித்து வரும்: காலரா, அம்மை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, அடிபட்டது, மற்றவை. பாம்பு கடித்துச் செத்தால்கூடச் சர்க்காரில் அதற்கென்று கணக்கு உண்டு. பட்டினிக்குப் பத்தி கிடையாது. ஆறு மாசம் சோறில்லாமல் கிடந்தவன் கடைசி இரண்டு நாள் வயிறு போய்ச் செத்தால், அவன் வயிற்றுப்போக்கில் செத்தவன். அந்த வயிற்றில் என்ன இருந்தது போவதற்கு என்று கேட்கிற அளவுக்குக் கர்ணத்துக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

இன்னொரு சிக்கல். பஞ்சத்தில் ஜனம் வீட்டில் உட்கார்ந்து சாகாது. கஞ்சித்தொட்டி எங்கே என்று கேட்டுக்கொண்டே நடக்கும். கர்னூல்காரன் மதராஸ் ரோட்டோரத்தில் விழுந்தால் அவனை எந்த ஊர் ஏட்டில் எழுதுவது? அவன் ஊர்க் கர்ணத்துக்குச் சேதி போகாது, விழுந்த ஊர்க் கர்ணத்துக்கு ஆள் யாரென்றே தெரியாது. போதாக்குறைக்குச் சேதி சொல்லவேண்டிய தலையாரியும் வெட்டியானும் அதே பஞ்சத்தில்தான் இருந்தார்கள். அவர்களும் ஊரைவிட்டுப் போய்விட்டால், அல்லது போயே போய்விட்டால், ஏடு வெறுமையாக இருக்கும். மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு வெறும் ஏடு என்றால் ஊர் சுபிட்சம்.

இந்த ஏட்டின் லட்சணம் பஞ்சத்துக்கு முன்னாலேயே தெரிந்ததுதான். அதன்படி பார்த்தால் மதராஸ் ராஜதானியில் ஆயிரத்துக்கு இத்தனை பேர் என்கிற சாவு வீதம் இங்கிலாந்தைவிடக் குறைவு! காலராவும் அம்மையும் கூத்தாடின சீமையில் ஜனம் லண்டன்காரனைவிட ஆரோக்கியமாம். அப்பேர்ப்பட்ட ஏடே 1877இல் 15 லட்சம் சாவுக்கு மேல் காட்டியது, அதில் காலரா மட்டும் மூன்றரை லட்சம். விழுங்கியது போக வெளியே துப்பினதே இவ்வளவு.

அதே காலத்தில் துறைமுகத்தில் இந்தக் குழப்பம் ஒன்றும் இல்லை. 1877-78இல் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறிய கோதுமை 3,20,000 டன், அதுவரை கண்டிராத அளவு. கோதுமைக்குக் கிரயம் உண்டு, கிரயம் உண்டென்றால் தராசு உண்டு. அதை எடைபோட யாரும் மறப்பதில்லை.

செத்தவர்களைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது யார் தெரியுமா? உயிரோடு இருந்தவர்களை எண்ணிய கணக்கு. 1871 நவம்பரில் ராஜதானி முழுக்கத் தலை எண்ணியிருந்தார்கள். ‘வரி போடத்தான் எண்ணுகிறான்’ என்று ஜனம் சந்தேகப்பட்டிருக்கும், நானாக இருந்தாலும் அப்படித்தான். அந்தக் கணக்குக்கு அறிக்கை எழுதியவர் வேறு யாருமில்லை, நம் கார்னிஷேதான். பத்து வருஷம் கழித்து 1881 பிப்ரவரி 17 ராத்திரி மறுபடி எண்ணினார்கள். சேலம் ஜில்லாவில் முன்பு 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். இப்போது 16 லட்சம். மைசூர் சமஸ்தானத்தில் 50 லட்சத்துக்கு மேல் இருந்தது 42 லட்சத்துக்குக் கீழே போயிருந்தது. பத்து வருஷத்தில் ஏறவேண்டிய தொகை இறங்கிக் கிடந்தது.

அதற்கும் சமாதானம் சொல்ல ஆள் இருந்தார்கள். இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். போனார்கள்தான், கூட்டங்கூட்டமாக. ஆனால் தோட்டத்துத் துரைமார் வந்த கூலியாட்களைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்குகிறவர்கள். அங்கே இத்தனை லட்சம் ஒளிந்துகொள்ள முடியாது. சரி, பிள்ளை பிறந்தது குறைந்திருக்கும். குறைந்ததும் உண்மை. எலும்பும் தோலுமாகக் கிடந்தவளுக்குக் கரு தரிக்கவில்லை என்பதை அவர்கள் பஞ்சத்துக்குச் சாட்சியாக அல்ல, பஞ்சத்துக்கு வக்கீலாகக் கூப்பிட்டார்கள்.

1880இல் ஸ்ட்ராச்சி தலைமையிலான பஞ்சக் கமிஷன் பிரிட்டிஷ் பிரதேசங்களுக்கு மட்டும் சுமார் 52 லட்சம் சாவு என்றது. சமஸ்தானங்களில் செத்தவன் அந்தந்த மகாராஜா பாடு. ‘மதராஸ் டைம்ஸ்’ ஆசிரியராக இருந்து பஞ்சத்தைக் கண்ணால் பார்த்த வில்லியம் டிக்பி, பிற்பாடு ஒரு கோடியே மூன்று லட்சம் என்றார். நம் காலத்து மக்கள்தொகை ஆய்வாளர் அரூப் மகாரத்னா 82 லட்சம் என்கிறார். சர்க்கார் கணக்குக்கும் டிக்பி கணக்குக்கும் இடையில் மட்டும் ஐம்பது லட்சம் பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை.

பக்கிங்ஹாம் கோமகனுக்கு மதராஸில் ஒரு கால்வாய் கிடைத்தது. அடையாறையும் கூவத்தையும் இணைக்கிற துண்டை வெட்டியது பஞ்சக் கூலிகள். டெம்பிள் 1880இல் கப்பலேறினார். இங்கிலாந்தில் பார்லிமென்ட் மெம்பரானார், லண்டன் பள்ளிக்கூட வாரியத்துக்குத் துணைத்தலைவரானார். அங்கே நிதிக் குழுவை ஒப்படைத்தார்கள். பிரமாதமாக நடத்தினார் என்று பெயர்.