நடுவர் வருகிறார், நாற்காலி போடுங்கள்

பங்காளிச் சண்டையில் வரப்பு எந்தப் பக்கம் நகர்ந்தாலும், பஞ்சாயத்து பேச வந்த பெரியவருக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் காபி உண்டு. அண்ணன் வீட்டுத் திண்ணையில், "நியாயம் உன் பக்கம்தான்டா தம்பி, அவன்தான் பிடிவாதக்காரன்" என்பார். தெருவைக் கடந்து தம்பி வீட்டுக்குப் போய், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அதையே சொல்வார், பெயரை மட்டும் மாற்றி. கடைசியில் ஒரு தீர்ப்பும் வரும்: "ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கப்பா." எவ்வளவு, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று கேட்டுவிட்டால் அவருக்குக் கோபம் வந்துவிடும். பெரிய மனுஷனைக் குறுக்கு விசாரணை செய்வதா?

2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டம் இவரைப் பார்க்காமலே எழுதப்பட்டது போலும். நடுவர் முடிவைத் திணிக்கக் கூடாதாம். சமாதானம் ஆகிவிடும் என்று உறுதியும் தரக் கூடாதாம். 120 நாளில் முடிக்க வேண்டும்; இரு தரப்பும் ஒப்பினால் இன்னும் 60 நாள். நம்மவர் கணக்கில் அது முதல் அமர்வுக்கு நல்ல நாள் பார்க்கும் அவகாசம். பேசியதை ரகசியமாக வைக்கவும் சட்டம் சொல்கிறது. அவரும் வைப்பார், டீக்கடையில் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்.

சென்னை உயர் நீதிமன்றம் 2005-லேயே மத்தியஸ்த மையம் திறந்துவிட்டது. பங்காளிகளே, நீதிமன்றம் அனுப்பிய வழக்கு அங்கே சமாதானத்தில் முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். மறக்காமல் கேட்டு வாங்குங்கள்.