பின்சக்கரத்துக்கு எத்தனை கிலோ?

கே: 1960-களில் வந்த கப் கேடட் தோட்ட டிராக்டர் ஒன்றை வாங்கினேன். சாவியைத் திருப்பினால் உடனே கிளம்புகிறது. ஆனால் பனி தள்ளும் பிளேடை இறக்கினால் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிறது. என்ன கோளாறு?
— ஒஹாயோ வாசகர்

ப: கோளாறு ஒன்றுமில்லை, எடை போதவில்லை. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1961-இல் முதல் கப் கேடடை 7 குதிரைத்திறனோடு கொண்டுவந்தது. ஏழு குதிரைகளும் உழைக்கத் தயார்தான். குளம்பு ஊன்ற இடம் வேண்டாமா? சக்கரத்தை எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, ஏறக்குறைய அதற்குத் தக்கபடிதான் அது இழுக்கும். அந்தக் காலத்துக் கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். கப் கேடட், வீல் ஹார்ஸ், ஜான் டீர் எல்லாவற்றுக்கும் பின்சக்கரத்தில் முடுக்குவதற்கென்றே வார்ப்பிரும்பு எடைகள் தனியாக விற்பனைக்கு வந்தன. உங்களுக்குப் பனி தள்ளுவது மட்டும்தான் வேலை என்றால், முதலில் டயர் சங்கிலி வாங்குங்கள். ஐஸில் வெறும் எடை வழுக்கும். சங்கிலி கடித்துப் பிடிக்கும்.

கே: தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அப்பா, "டயரில் தண்ணீர் ஏற்று, வேலை முடிந்தது" என்கிறார். சரியா?
— மிச்சிகன் வாசகி

ப: அப்பா சொல்வது தஞ்சாவூருக்கு நூற்றுக்கு நூறு சரி. மிச்சிகன் குளிரில் அந்தத் தண்ணீர் டயருக்குள்ளேயே உறைந்து கட்டியாகிவிடும். கால்சியம் குளோரைடு கரைத்தால் உறையாது, எடையும் கூடும். ஆனால் டியூப் கசிந்தால் ரிம்மை அரித்துத் தின்றுவிடும். அறுபது வயது ரிம்முக்கு இந்தக் கொடுமை வேண்டாம். இன்ஜின் கூலன்ட் ஊற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நாய் நக்கினால் உயிருக்கே ஆபத்து, கூடவே கூடாது. சர்க்கரை பீட் கிழங்குச் சாற்றில் தயாரித்த திரவம் அங்கே கிடைக்கிறது. உறையாது, அரிக்காது, தண்ணீரைவிடக் கனம். என் ஓட்டு அதற்குத்தான். வால்வை மேலே வைத்து அந்த மட்டம் வரை நிரப்பினால் டயர் முக்கால்வாசி நிறையும். மீதி காற்றுக்கு.

கே: நானே 100 கிலோ. நான் ஏறி உட்கார்ந்தால் போதாதா?
— இண்டியானா வாசகர்

ப: உங்கள் எடை உயரத்தில் இருக்கிறது, சரிவில் அது வண்டியைக் கவிழ்க்கத்தான் பார்க்கும். ஆக்சிலும் பேரிங்கும் அதைத் தாங்கியாக வேண்டும். சக்கரத்திலேயே மாட்டிய எடை நேராகத் தரையில் இறங்கிவிடுகிறது, பேரிங்குக்கு அந்தப் பாரம் தெரியாது. பழைய வண்டிக்குச் சக்கரத்து எடையை நான் விடாமல் சிபாரிசு செய்வது இதனால்தான்.

கே: கம்பெனி எடைகளுக்கு யானை விலை சொல்கிறார்கள். ஜிம்மில் தூக்கும் இரும்புத் தட்டுகளை மாட்டலாமா? சிமென்ட்டில் வார்க்கலாமா?
— பென்சில்வேனியா வாசகர்

ப: தாராளமாக மாட்டலாம். இரும்புக்கு அது ஜிம் இரும்பா, கம்பெனி இரும்பா என்று தெரியாது. கான்கிரீட்டும் ஆகும், ஆனால் வார்ப்பிரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்கு. அதே எடைக்கு மூன்று மடங்கு தடிமன் வெளியே துருத்திக்கொண்டு, கேட்டையும் ரோஜாச் செடியையும் உரசும். எதை மாட்டினாலும் சக்கரத்தின் நட்டுகளைக் கழற்ற வழி விடுங்கள். வால்வில் காற்றுக் குழாய் நுழைய இடம் வேண்டும். போல்ட்டுக்கு அகலமான வாஷர், அதன் மேல் தளராத பூட்டு நட். ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு ஸ்பானர் போட்டுப் பாருங்கள்: பெயின்ட் நசுங்கி, இறுக்கம் கொஞ்சம் விட்டிருக்கும். அப்போது ஒரு முறை முடுக்கினால் நிம்மதி.

கே: எவ்வளவு எடை போட்டால் போதும்?
— விஸ்கான்சின் வாசகர்

ப: மண்ணே சொல்லும். கலப்பையை மாட்டி ஓட்டிவிட்டு, இறங்கி டயர் தடத்தைக் குனிந்து பாருங்கள். பட்டன்களின் அச்சு முத்திரை குத்தியதுபோல் துல்லியமாக இருந்தால் எடை அதிகம். அச்சே தெரியாமல் மண் கலைந்து கிடந்தால் எடை குறைவு. அச்சு தெரிந்து, நடுவில் மண் லேசாக நகர்ந்திருந்தால் சரியான அளவு. கணக்காக வேண்டுமா? கலப்பையோடு சக்கரம் 10 சுற்று சுற்றும் தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே தூரத்தைக் கலப்பையைத் தூக்கிக்கொண்டு கடந்து, சுற்றை எண்ணுங்கள். 9 வந்தால் வழுக்கல் 10 சதவீதம். மண்ணில் 10 முதல் 15 வரை நல்லது. வழுக்கலை முழுதாக ஒழித்துவிட வேண்டும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். கலப்பை கல்லில் மாட்டும்போது சக்கரம் சுற்றிவிடுவதால்தான் கியர் பல் பிழைக்கிறது. புல் வெட்ட மட்டும் செய்த லேசான வண்டிகளின் கியர்பெட்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

கே: எடை போட்டாயிற்று. இனி மரத்தின் அடிக்கட்டையைப் பிடுங்கலாம் அல்லவா?
— அயோவா வாசகர்

ப: வேண்டாம். கட்டை அசையாமல், சக்கரமும் வழுக்காமல் இருந்தால், ஆக்சிலைச் சுற்றி வண்டியே எழும்பி உங்கள் மேல் மல்லாந்துவிடும். இந்தப் பழைய வண்டிகளில் ஓட்டுநரைக் காக்கும் கம்பிச் சட்டமும் கிடையாது. எதை இழுத்தாலும் சங்கிலியை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் கொக்கியில்தான் கட்ட வேண்டும். இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் கட்டுகிற ஆளைப் பார்த்தால், சாவியைப் பிடுங்கிக்கொள்ளுங்கள்.

கே: புல் வெட்டும் பருவத்திலும் எடை இருக்கட்டுமா?
— ஒஹாயோ வாசகர் (மறுபடியும்)

ப: கழற்றிவிடுங்கள். ஈர மண் இறுகினால் புல்லின் வேருக்குக் காற்று போகாது. முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு கழற்றுங்கள். கடைசி நட்டு வரும் நேரத்தில் உங்கள் பாதம் அதற்கு நேர் கீழே இருக்கக் கூடாது.