கப்பலும் கவிழல, கன்னத்துல ஏன் கை?

ஏலே மருமவனே, பெங்களூர்ல இருந்து வந்து மூணு நாளாச்சு. கன்னத்துல வச்ச கைய இன்னும் எடுக்கலையே. கவிழ்றதுக்கு உங்க பரம்பரையில ஒரு தோணிகூடக் கிடையாதேடே!

கொட்டாவி விட்டா காதோரம் ‘டக்’குங்குது. காலையில எந்திரிச்சா தாடை மரக்கட்டை. பல்லை எக்ஸ்ரே எடுத்தே, சொத்தை இல்ல. காது டாக்டர் காதுக்குள்ள லைட் அடிச்சுப் பாத்துட்டு, சுத்தமா இருக்குன்னு அனுப்பிட்டாரு. அதுல உனக்கு வருத்தம் வேற.

என் பேத்தி பல் டாக்டருக்குப் படிக்கால்லா, அவகிட்ட கேட்டேன். மேல்பல்லும் கீழ்பல்லும் தொடுறது திங்கையிலயும் எச்சி முழுங்கையிலயும்தானாம். கூட்டிப் பாத்தா நாளைக்கு அரைமணிகூடத் தேறாதாம். நீ மேனேஜர் மெயிலுக்கு ஒரு கடி, வீட்டுக்கடன் தேதிக்கு ஒரு கடி, தூக்கத்துல நறநறன்னு ஒரு கடி. கன்னத்துத் தசை என்ன, செக்குமாடா?

1934-ல அமெரிக்காவுல காஸ்டன்னு ஒரு காது மூக்கு டாக்டர், கடைவாய்ப்பல் போனதாலதான் தாடை மூட்டு நசுங்குதுன்னு எழுதினாராம். பெறவு எத்தனை பேரு பல்லை ராவினாங்களோ! 1969-ல லாஸ்கின்னு ஒருத்தர், ஏலே, மூட்டை விடு, மன உளைச்சல்ல கடிச்சுக் கடிச்சுத் தசைதான் களைச்சிருக்குன்னாரு. இப்ப கடி மட்டும் காரணமில்லைங்காங்க. மனசு நொந்து கிடந்தா சின்ன நோவுகூடப் பெருசாத் தெரியுமாம். வலி நீடிச்சா மனசு இன்னும் நோகும். தாடை வலிக்குன்னு 2014-ல வந்த பரிசோதனை முறைப்படி, வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்குதுன்னு அளக்கதோட, கவலை உண்டா, தூக்கம் வருதான்னும் கேக்கணுமாம். அதுக்காக எல்லாம் உன் மனப்பிரமைன்னு எவனாவது சொன்னா நம்பாத. வலி நெசம்டே.

இதுல எனக்கும் பங்கு உண்டு. வேலை பிடிக்கலைன்னு நீ போன்ல அழுதப்ப, “பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு வருஷம் இருடே”ன்னு சொன்னது நான்தான். எந்த மருமவன் மாமன் பேச்சைக் கேக்கான்? நீ கேட்டிருக்கே, அதுவும் எழுத்துப் பிசகாம!

சரி, உதட்டை மூடு, பல்லை விலக்கி வையி. கன்னத்துல வெந்நீர் ஒத்தடம் குடு. பல்லை ராவுதேன், மூட்டைக் கிழிக்கேன்னு எவனாவது வந்தா அவசரப்பட்டு வாயைத் திறக்காத. மனசுல உள்ளதைச் சொல்ல ஆள் வேணும்னா, அதுக்குப் படிச்சவங்க இருக்காங்க, போய்ப் பாரு. நாலு நாளைக்குக் குழைஞ்ச கஞ்சிதான்.

உங்க அத்தை உனக்குன்னு ஒரு டின் சீடை சுட்டு வச்சிருக்கா. நீ கவலைப்படாத, அதை நான் பாத்துக்கிடுதேன்.