ஆண் தேனீயும் தாய்மாமனும்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால், அதை விசாரிக்க டீக்கடைக்காரரில் தொடங்கித் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோருக்கும் உரிமை உண்டு. காலை பத்து மணிக்கு என் தங்கை பிள்ளைகள் இரண்டும் வாசலில் நின்றால், "என்ன, காய்ச்சலா?" என்பார்கள். இல்லை என்றால், "லீவா?" அதுவும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்தி, "ஃபீஸ் கட்டலையா?" வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று சொன்னால், மூன்றையும்விடப் பெரிய சிக்கல்போல என்று தாங்களாகவே முடிவுகட்டி, ஆளுக்கொரு கடலைமிட்டாய் கொடுத்து அனுப்புவார்கள். பிள்ளைகளுக்கு இதில் நட்டம் ஒன்றும் இல்லை.

தங்கை அசர மாட்டாள். "பதினாலு வயசானா திறந்தநிலைப் பள்ளியில பத்தாவது எழுதிக்கலாம்ணே. 1989லேருந்து இருக்கு அது" என்பாள். அதுவரை என்ன பாடம் என்று கேட்டால், எங்கள் வீட்டு மீட்டர் பெட்டியைக் கைகாட்டுவாள்.

அந்தப் பெட்டிக்குப் பின்னால், காரை பெயர்ந்த சுவரில் கொசுத் தேனீக்கள் குடியிருக்கின்றன. மெழுகையும் மரப்பிசினையும் குழைத்து ஒரு சின்னக் குழாயை வாசலாக நீட்டியிருக்கின்றன. அதன் வாயில் எப்போதும் நாலைந்து காவல். இவற்றுக்குக் கொட்டத் தெரியாது. மிஞ்சிப்போனால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும். மற்ற தேனீக்கள்போல அடை கட்டி அதன் அறைகளில் தேனை வைப்பதும் இல்லை. மெழுகுக் குடங்கள் செய்து அவற்றில் ஊற்றி வைக்கும். தேனில் லேசான புளிப்பு இருக்கும். மீட்டர் பார்க்க வருகிறவர் இதையெல்லாம் நம்புவதில்லை. தெருவில் நின்றபடியே, "தம்பி, நம்பரை நீயே படிச்சுச் சொல்லிரு" என்பார். சின்னவன் எண்களை வாசிக்கப் பழகியது இப்படித்தான்.

எதிர்வீட்டுப் பெரியப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இந்த ஏற்பாட்டில் அவருக்குத் துளியும் சம்மதமில்லை. தன் பங்குக்கு ஒரு நாள் பாடம் எடுக்க வந்தார். "மதுரை மல்லிக்கு 2013லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. அப்பேர்ப்பட்ட பூ விளையிற ஊர்ல தேனீக்கு என்ன குறை?" என்றார். பெரியவளுக்கு வயது பதினொன்று. "தாத்தா, மல்லியை விடியுமுன்னே மொட்டாப் பறிச்சிடுறாய்ங்க. அது விரியிறது பொம்பளைங்க தலையில. தேன் குடிக்கத் தேனீ டவுன் பஸ்லயா ஏறிப் போகும்?" என்று கேட்டாள். பெரியப்பா தண்ணீர் கேட்டார்.

எங்கள் தேனீக்கள் கொல்லை முருங்கையை நம்பிப் பிழைக்கின்றன. வேம்பு பூக்கும்போது வேம்பு. ஊர்ப் பெருமை அவற்றுக்குத் தேவைப்படவில்லை.

பெட்டியில் வளர்க்கிற அடுக்குத் தேனீயைப் பார்க்க ஒத்தக்கடைக்குப் பஸ் ஏறினோம். யானைமலைக்குப் பக்கத்தில், 1965இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பார்த்தது நியூட்டன் பெட்டி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுத் தேனீயின் உடல்வாகுக்கு ஏற்றபடி அதை வடிவமைத்தவர் நியூட்டன் என்ற பாதிரியார். சின்னவன் மரத்திலிருந்து ஆப்பிள் விழுந்த நியூட்டனையும் இவரையும் ஒன்றாக்கி, "ஆப்பிள் பூவுக்குத் தேனீ வந்துச்சு, அதான் காய்ச்சுச்சு, அதான் விழுந்துச்சு" என்று புவியீர்ப்பையே தேனீ கணக்கில் எழுதிவிட்டான். திருத்த எனக்கு மனம் வரவில்லை.

தேனீ நடனத்தை அங்கேதான் விளக்கினார்கள். பூ கண்ட தேனீ கூட்டுக்குத் திரும்பி, இருட்டில், செங்குத்தான அடையின் மேல் வாலை ஆட்டிக்கொண்டே நேராக ஓடும். அந்த ஓட்டம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ, சூரியனிலிருந்து அவ்வளவு சாய்வில் பூ இருக்கிறது. ஆட்டம் நீண்டால் தூரம் அதிகம். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சிம்மக்கல்லில் யானைக்கல்லுக்கு வழி கேட்டால் நாம் காட்டுகிற கையைவிட இது துல்லியமானது.

பெரியப்பா இதை வைத்தே வழக்கை மறுபடி நடத்தினார். 2023இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று அவர் கையில் சிக்கியிருந்தது. அனுபவமுள்ள தேனீக்களின் நடனத்தைப் பின்தொடர வாய்க்காத இளம் தேனீக்கள் தப்பும் தவறுமாக ஆடின; நாளடைவில் திசை திருந்தியது, தூரக் கணக்கு கடைசிவரை திருந்தவில்லை. "பாத்தியாம்மா? தேனீக்கே வாத்தியார் வேணும்!" என்றார் வெற்றியோடு.

தங்கை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அந்த வாத்தியார் யாரு பெரியப்பா?" என்றாள்.

"மூத்த தேனீக்கள்."

"ஒரே ராணிக்குப் பொறந்த அக்காளுங்க. கிளாஸ் எங்க நடக்குது?"

"கூட்டுக்குள்ள..."

"அதத்தான் நானும் வீட்டுல செய்றேன்."

பெரியப்பா அன்றும் தண்ணீர் கேட்டார்.

எனக்கு ஆபத்து ஆண் தேனீ வடிவில் வந்தது. ராணி கருவுறாத முட்டை இட்டால் அது ஆணாகும் என்று பெரியவள் வாசித்தாள். ஆக, ஆண் தேனீக்கு அப்பா இல்லை; ஆனால் தாத்தா உண்டு, அம்மாவைப் பெற்றவர். "அப்பன் இல்லாம தாத்தனாடி? யாருகிட்டயும் சொல்லித் தொலையாத, பொண்ணு கெடைக்காது அதுக்கு" என்றார் அம்மாச்சி. ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பூவுக்குப் போவதில்லை. கூட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வெளியே பறந்து, மற்ற ஆண்களோடு வழக்கமான ஓரிடத்தில் கூடிச் சுற்றும். பிள்ளைகள் இரண்டும் என்னைப் பார்த்தன. நான் சாப்பிட்டு முடித்து, பாலத்தடி டீக்கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"ராணியோட கூடின உடனே ஆண் தேனீ செத்து விழுந்துரும் மாமா" என்றான் சின்னவன். நான் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு இவ்வளவு கௌரவமான காரணத்தை இதுவரை யாரும் எடுத்துக் கொடுத்ததில்லை. கொஞ்சம் நிமிர்ந்தே நின்றேன்.

பெரியவள் அடுத்த வரிக்குப் போனாள். பூ குறைகிற காலத்தில் வேலைக்காரத் தேனீக்கள் எல்லாம் சேர்ந்து ஆண்களைக் கூட்டை விட்டு வெளியே தள்ளிவிடுமாம்.

தங்கை கீரையிலிருந்து தலையை நிமிர்த்தினாள். நான் அவள் கேட்காமலே ரேஷன் கார்டையும் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.