உள்ளூர் வணிகம் வாழ்க

வாஷிங்டனுக்கு வடமேற்கே, வர்ஜீனியா மாநிலத்தின் லவுடன் கவுண்டியில், அதாவது மாவட்டத்தை ஒத்த ஓர் ஆட்சிப் பரப்பில், 7 சிற்றூராட்சிகள் உள்ளன. அவற்றுள் 1758இல் நிறுவப்பெற்ற லீஸ்பர்க்கில் வாழ்வோர் கவுண்டிக்கும் ஊருக்கும் தனித்தனியே வரி கட்டும் இரட்டைப் பேறு பெற்றவர்கள். அமைதியை நாடி அங்குக் குடியேறியவர், அந்த அமைதியைத் தாமே குலைக்கலாகாது என்ற நல்லெண்ணத்தால், விடியுமுன்பே, 1995இல் திறக்கப்பட்ட தனியார் சுங்கச் சாலையில் 5 டாலருக்கு மேல் கொடுத்துத் தலைநகருக்குப் புறப்பட்டு, கடைகள் சாத்திய பின்னரே திரும்புவது போற்றத்தக்கது.

எனினும் முன்மாதிரிக் குடிமக்கள் இவர்களல்லர். அருகிலுள்ள ஆஷ்பர்னில், சன்னல் குறைந்த மாளிகைகளில் அடுக்கடுக்காக வாழும் சர்வர்கள், அதாவது இணையத் தரவைச் சேமித்து அனுப்பும் கணினிகளே, அப்பெருமைக்குரியவை. அவை கவுண்டிக்குப் பெரும் வரி ஈட்டித் தந்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை, வண்டி நிறுத்த இடம் கேட்பதில்லை, கூட்டங்களில் எழுந்து கத்துவதுமில்லை. (மின்சாரம் மட்டும் சற்றுக் கூடுதலாக உண்ணும், விருந்தினர் பசியைக் கணக்கிடுவது பண்பன்று.)

லீஸ்பர்க்கின் கடைத்தெருவும் நொடித்துவிடவில்லை. "உள்ளூரில் வாங்குவீர்" என்ற பலகையின் கீழ்ச் செருப்பை அணிந்து, நாலடி நடந்து, அளவை உறுதிசெய்துகொண்டு, அங்கேயே நின்று அதையே கைபேசியில் மலிவாக வாங்கும் வாடிக்கையாளரின் ஆணை, சில மைல் தொலைவிலுள்ள ஆஷ்பர்னைத் தொட்டு மீளக்கூடுமாதலால், பலகையின் வேண்டுகோள் சொல் பிசகாமல் நிறைவேறிவிடுகிறது.